மூஞ்சி பொம்மையும் மூவாயிரம் ரூபாயும்

ரொம்ப நாளாகவே இதைப் பற்றி ஒரு பதிவு போடவேண்டும் என்று இருந்தேன். ஆணி அதிகம் என்பதால் தள்ளிக்கொண்டே போனது. போன வாரம் எங்கள் டேமேஜர் ஒரு பவர்பாயிண்ட் காட்டினார் பாருங்கள், இனிமேல் பொறுக்கமுடியாது என்று உட்கார்ந்துவிட்டேன். கொஞ்சம் நீளமான புலம்பல். டீ வாங்கி வைத்துக்கொண்டு படியுங்கள்.

விஷயம் இதுதான். செல்போனில் கரண்ட் பில் கட்டுகிறீர்கள், பிரியாணி வரவழைக்கிறீர்கள், ஆட்டோ பிடிக்கிறீர்கள். எல்லாம் முடிந்ததும் வரிசையாக ஐந்து மூஞ்சி பொம்மைகள் எட்டிப் பார்க்கும். அழுமூஞ்சியில் ஆரம்பித்து பல் இளிக்கிற மூஞ்சி வரைக்கும். "இந்த அனுபவம் உங்களுக்கு எப்படி இருந்தது?" என்று ஒரு கேள்வி வேறு. ரீசார்ஜ் செய்தவனுக்கு எப்படிங்க இருக்கும்? ரீசார்ஜ் செய்த மாதிரிதான் இருக்கும்.

பொட்டி தட்டும் எங்கள் கூட்டத்தில் இதற்குப் பெயர் பயனரின் உணர்வை அளப்பது. இதற்கென்று தனி டீம் உண்டு, தனி டாஷ்போர்டு உண்டு, காலாண்டுக்கு ஒரு இலக்கும் உண்டு. என் கட்சியை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். இந்த அளவீட்டில் பாதி சோம்பேறித்தனம், மீதி பித்தலாட்டம். பயனர் என்ன உணர்கிறார் என்பதை இது அளப்பதில்லை. அவர் நல்ல மூடில் இருக்கும் நேரமாகப் பார்த்துப் பிடித்து, நம்மைப் பற்றி நல்லதாக ஒரு வார்த்தை வாங்கிக்கொள்கிறது. அவருக்கு நாம் என்ன செய்தோம் என்கிற கணக்கு இந்தப் பொம்மைகளுக்குப் பின்னால் ஒளிந்துகொள்கிறது.

இந்தக் கதை எங்கே ஆரம்பித்தது என்று கொஞ்சம் பார்ப்போம். (போரடித்தால் தாண்டிப் போய்விடுங்கள், கோபித்துக்கொள்ளமாட்டேன்.) 1986-ல் ஜான் புரூக் என்பவர் பத்தே பத்து கேள்விகள் கொண்ட ஒரு படிவம் தயாரித்தார். சஸ் என்று சுருக்கமாகச் சொல்வார்கள். இதைப் பயன்படுத்த இன்னொருவர் உதவி தேவைப்படுமா, தேவையில்லாமல் சிக்கலாக இருக்கிறதா, சீக்கிரம் பழகிவிட முடியுமா என்கிற ரகத்தில் கேள்விகள். அவசரத்துக்கு உதவும் கரடுமுரடான அளவுகோல் என்றுதான் அதை அவரே அறிமுகப்படுத்தினார். மனுஷன் அடக்கமானவர். அந்தப் படிவத்தின் மீது எனக்கு இன்றுவரை மரியாதை உண்டு.

அப்புறம் ஆசை வந்துவிட்டது. 1997-ல் எம்ஐடியின் ரோசலிண்ட் பிக்கார்ட் எழுதிய புத்தகம், கணினிக்கு மனித உணர்ச்சியை உணரச் சொல்லித்தர முடியும் என்ற பாதையைத் திறந்தது. 2003 டிசம்பரில் ஃபிரெட் ரெய்க்கெல்ட் என்பவர் ஹார்வர்டு பிசினஸ் ரிவ்யூவில் எழுதிய கட்டுரை, வளர்ச்சிக்கு ஒரே ஒரு எண் போதும் என்றது. 2010-ல் கூகுள் ஆட்கள் ஹார்ட் என்று ஒரு சட்டகம் போட்டார்கள். அதன் ஐந்து எழுத்துக்களில் முதல் எழுத்து மகிழ்ச்சிக்கு. அவ்வளவுதான், ஊரில் இருக்கும் எல்லா டேமேஜர்களும் மகிழ்ச்சியை எக்ஸெல் ஷீட்டில் போடக் கிளம்பிவிட்டார்கள்.

அந்த ரெய்க்கெல்ட் எண்ணைக் கொஞ்சம் பிரித்து மேய்கிறேன், ஏனென்றால் இன்னமும் எல்லோரும் கும்பிடுகிற சாமி அதுதான். என்பிஎஸ். "இதை உங்கள் நண்பருக்குப் பரிந்துரைப்பீர்களா? 0 முதல் 10 வரை மதிப்பெண் கொடுங்கள்." 9, 10 கொடுத்தவர் நம்ம ஆள். 7, 8 கொடுத்தவர் கணக்கிலேயே வரமாட்டார். 0-விலிருந்து 6 வரை கொடுத்தவர்கள் எல்லோரும் எதிரிக் கட்சி. நம்ம ஆள் சதவீதத்திலிருந்து எதிரிக் கட்சி சதவீதத்தைக் கழித்தால் ஸ்கோர்.

இப்போ யோசித்துப் பாருங்கள். பத்துப் பேரும் 6 கொடுத்தால் ஸ்கோர் மைனஸ் 100. பத்துப் பேரும் 0 கொடுத்தாலும் ஸ்கோர் மைனஸ் 100. "பரவாயில்லப்பா, ஓடுது" என்று சொல்பவரும், போனைச் சுவரில் அடிக்கப் போகிறவரும் ஒரே கணக்கு. அதைவிடக் கொடுமை, நம்ம ஊரில் 35 எடுத்தால் பாஸ், 60 எடுத்தால் ஃபர்ஸ்ட் கிளாஸ். பத்துக்கு 6 போடும் ஒரு ரிட்டயர்டு வாத்தியார், ஃபர்ஸ்ட் கிளாஸ் கொடுத்து ஆசீர்வாதம் பண்ணிவிட்டோம் என்று நினைத்துக்கொண்டு போனை வைக்கிறார். இங்கே எங்கள் டாஷ்போர்டு அவரைச் சிவப்புக் கலரில் காட்டுகிறது. உடனே அந்த வயதுக்காரர்களுக்கு ஏன் நம்மைப் பிடிக்கவில்லை என்று இரண்டு மணி நேர மீட்டிங். நான் அப்படிப்பட்ட மீட்டிங்கில் உட்கார்ந்திருக்கிறேன். சமோசா நன்றாக இருந்தது என்பதைத் தவிர வேறு பயன் இல்லை.

சரி, வாயால் சொல்வதை நம்பவேண்டாம், முகத்தையே பார்த்துவிடலாம் என்று ஒரு கோஷ்டி கிளம்பியது. பால் எக்மன் என்ற உளவியலாளர் அடிப்படை உணர்ச்சிகள் ஆறு, அவை உலகம் முழுக்க முகத்தில் ஒரே மாதிரி தெரியும் என்றார். 1978-ல் அவரும் வாலஸ் ஃபிரீசனும் சேர்ந்து முகத் தசைகளின் அசைவுக்கு எண் போட்டு ஒரு கையேடே வெளியிட்டார்கள். கேமராக்காரர்களுக்கு இது பழம் நழுவிப் பாலில் விழுந்த மாதிரி. சோதனைக்கு ஆளை உட்காரவைத்து, முன்னால் கேமராவை வைத்து, இந்த நொடியில் 62 சதவீதம் மகிழ்ச்சி என்று திரையில் காட்டுகிற மென்பொருளெல்லாம் விற்பனைக்கு வந்தது.

2019-ல் லிசா ஃபெல்ட்மன் பேரட்டும் வேறு நாலு ஆராய்ச்சியாளர்களும் ஆயிரத்துக்கும் மேற்பட்ட ஆய்வுகளை அலசி ஒரு நீண்ட கட்டுரை வெளியிட்டார்கள். சாரம் என்னவென்றால், கோபம் வந்தவர்கள் முகத்தைச் சுளிப்பது சுமார் 30 சதவீத நேரம்தான். மீதி நேரம் வேறு என்னவோ செய்கிறார்கள். சும்மா இருக்கிறார்கள், அழுகிறார்கள், சிரிக்கக்கூடச் செய்கிறார்கள். முகத்தைச் சுளிப்பவர் எல்லோரும் கோபத்தில் இருப்பதும் இல்லை. பொடி எழுத்தில் இருக்கும் நிபந்தனையைப் படிக்கும் எவர் முகத்தையும் பாருங்கள், கொலைகாரன் மாதிரி இருக்கும். 2022 ஜூனில் மைக்ரோசாஃப்ட்டே தன் முக ஆய்வுச் சேவையிலிருந்து உணர்ச்சியைக் கணிக்கும் பகுதியை விலக்கிக்கொள்வதாக அறிவித்தது. உணர்ச்சி என்றால் என்ன என்பதிலேயே விஞ்ஞானிகளிடம் ஒருமித்த கருத்து இல்லை என்று காரணமும் சொன்னது. ஐரோப்பிய ஒன்றியம் 2025 பிப்ரவரி 2 முதல், வேலை செய்யும் இடத்திலும் கல்வி நிலையங்களிலும் இப்படி ஆட்களின் உணர்ச்சியைக் கணிப்பதைத் தடை செய்துவிட்டது, மருத்துவம், பாதுகாப்பு காரணங்கள் தவிர. கவனியுங்கள், வேலை செய்பவர், படிப்பவர் மட்டும்தான் அந்தத் தடைக்குள் வருகிறார்கள். கடைக்கு வருபவர் முகமும் செயலி பயன்படுத்துபவர் முகமும் தடைக்கு வெளியேதான் நிற்கின்றன.

அதுவும் நம்ம ஆட்கள் முகம் இருக்கிறதே! துன்பம் வரும்போது சிரிக்கச் சொன்ன வள்ளுவரைப் படித்து வளர்ந்தவர்கள் நாம். ஏடிஎம்மில் கார்டு மாட்டிக்கொண்டால் எங்கள் சித்தி சிரிப்பார். பின்னால் நிற்பவர்களைப் பார்த்து, கூச்சத்தில். அந்தச் சிரிப்பை கேமரா எந்தக் கணக்கில் எழுதும்? விரலில் கருவி மாட்டி வியர்வையை அளக்கிறார்களே, அதுவும் இதே லட்சணம்தான். உடம்பு கிளர்ச்சியடைந்திருக்கிறது என்று சொல்லும். சந்தோஷத்திலா பயத்திலா என்று அது சொல்லாது.

எழுதியதை வைத்துக் கண்டுபிடிப்போம் என்கிற கோஷ்டியும் உண்டு. விமர்சனங்களை எல்லாம் கொட்டினால் நல்லது, கெட்டது என்று பிரித்துக் கொடுக்குமாம். "நல்லா இருங்கடா. நீங்களும் உங்க ஆப்பும் நல்லா இருங்க." இது எந்தப் பக்கம்? "யப்பா சாமி, சூப்பர் சர்வீஸ், மூணு நாளா சோறு வந்துட்டே இருக்கு." இது? 2020-ல் யூட்யூபில் சினிமா டிரெய்லர்களுக்குக் கீழே தமிழும் ஆங்கிலமும் கலந்து நம் மக்கள் எழுதியதில் 15,744 கருத்துக்களைத் திரட்டி ஆய்வாளர்கள் ஒரு தரவுத்தொகுப்பு வெளியிட்டார்கள். நல்ல உழைப்பு. அதிலேயே நல்லது, கெட்டது என்ற இரண்டோடு விடமுடியாமல் கலவை உணர்வு என்று ஒன்று, எதுவென்று தெரியவில்லை என்று ஒன்று வைக்கவேண்டி வந்தது. கவனமாக வேலை செய்பவர்கள் தெரியவில்லை என்பதற்கும் ஒரு பெட்டி வைக்கிறார்கள். எந்த டேமேஜர் பவர்பாயிண்டிலாவது அந்தப் பெட்டியைப் பார்த்திருக்கிறீர்களா?

இதுவரை சொன்னது சோம்பேறித்தனம். இனிமேல்தான் பித்தலாட்டம்.

கேள்வி என்ன என்பதைவிட அது எப்போது வருகிறது என்பதுதான் முக்கியம். பணம் போய்ச் சேர்ந்தது, பச்சை டிக் வந்தது, டிங் என்று மணி அடித்தது. உடனே மூஞ்சி பொம்மை. பணம் நடுவழியில் மாட்டிக்கொண்டு வட்டம் சுற்றிக்கொண்டே இருந்தால்? பொம்மை வராது. "சற்று நேரம் கழித்து முயலவும்" மட்டும்தான். இது ஏதோ தற்செயல் என்று நினைக்காதீர்கள். எந்தத் திரையில் கேட்கவேண்டும், எந்தத் திரையில் கேட்கக்கூடாது என்று எழுத்தில் இருக்கும் விதி அது.

இதற்கு ஒரு அண்ணன்காரன் இருந்தான். "எங்கள் செயலி பிடித்திருக்கிறதா?" என்று முதலில் கேட்பது. ஆமாம் என்றால் நேராக ஸ்டோருக்குக் கூட்டிப்போய் ஐந்து நட்சத்திரம் வாங்கிக்கொள்வது. இல்லை என்றால், "ஐயோ, எங்களிடம் சொல்லுங்கள்" என்று ஒரு படிவத்துக்குள் தள்ளிக் கதவைச் சாத்துவது. அந்தப் படிவம் எங்கே போகும் என்று கேட்காதீர்கள். இந்த அநியாயம் முற்றிப்போய்த்தான் ஆப்பிள் 2017-ல் தன் சொந்தக் கேட்புப் பெட்டியைக் கொண்டுவந்து, ஒரு செயலி வருடத்துக்கு 3 முறைக்கு மேல் அதைக் காட்டமுடியாது என்று கட்டிப்போட்டது. 2020-ல் கூகுளும் ஒரு பெட்டி கொண்டுவந்தது. அதைக் காட்டுவதற்கு முன்னால் "பிடித்திருக்கிறதா" மாதிரிக் கேள்வியே கேட்கக்கூடாது என்று அதன் வழிகாட்டியில் எழுதி வைத்திருக்கிறார்கள். ஸ்டோரில் கதவு அடைபட்டதும் அதே புத்தி செயலிக்கு உள்ளே மூஞ்சி பொம்மையாகக் குடிவந்துவிட்டது. உள்ளே யார் கேட்கப்போகிறார்கள்?

எங்கள் பெரியப்பா கதையைச் சொல்கிறேன். கோவில்பட்டியில் இருக்கிறார். ரிட்டயர்டு வாத்தியார். (மேலே சொன்ன 6 மார்க் ஆசாமி அவரேதான்.) மகள் ஹாஸ்டல் செலவுக்கு ஒரு செயலி மூலம் 3,000 ரூபாய் அனுப்பினார். எந்தச் செயலி என்பது வேண்டாம், எல்லாமே அண்ணன் தம்பிதான். இவர் கணக்கில் பணம் கழிந்துவிட்டது, அங்கே போய்ச் சேரவில்லை. ராத்திரி பத்து மணிக்கு எனக்கு போன்.

"லே தம்பி, பேங்க் மெசேஜ் பணம் போயிட்டுங்கு. அவ வரலைங்கா. நடுவுல எங்கலே நிக்கி?"

"வந்துரும் பெரியப்பா. நாளைக்குத் திரும்பி வந்துரும்."

"வரலைன்னா யார்ட்டலே போயி கேக்க?"

அந்த இரண்டாவது கேள்விக்கு என்னிடம் பதில் இல்லை. மனுஷன் முப்பது வருஷம் கணக்கு வாத்தியார். அன்றைக்கு ராத்திரி தூங்கவில்லை, நாலு தடவை பாஸ்புக்கை எடுத்துப் பார்த்தார் என்று பெரியம்மா அப்புறம் சொன்னார். பணம் மறுநாள் சாயங்காலம் திரும்பி வந்துவிட்டது. அடுத்த வாரம் அதே செயலியில் கரண்ட் பில் கட்டினார். கட்டி முடித்ததும் ஐந்து மூஞ்சி பொம்மைகள். அதை எப்படி மூடுவது என்று தெரியாமல், கைக்கு எட்டிய பல் இளிக்கும் பொம்மையை அமுக்கிவிட்டார். அந்த நிறுவனத்தின் ஏட்டில் எங்கள் பெரியப்பா அந்த மாதத்தின் பரம திருப்தியான வாடிக்கையாளர். தூங்காத ராத்திரிக்கு அங்கே ஒரு கட்டம்கூடக் கிடையாது.

இதே விஷயத்தில் ரிசர்வ் வங்கி செய்ததைப் பாருங்கள். நான் சர்க்கார் அலுவலகங்களைப் புகழும் ஆள் இல்லை, உங்களுக்கே தெரியும். 2019 செப்டம்பர் 20 தேதியிட்ட சுற்றறிக்கை ஒன்று. யூபிஐயில் ஒருவர் கணக்கில் பணம் கழிந்து மற்றவர் கணக்கில் சேரவில்லை என்றால், அடுத்த நாளுக்குள் அது தானாகத் திரும்பவேண்டும். தாண்டினால் நாளுக்கு 100 ரூபாய் வாடிக்கையாளருக்குக் கொடுக்கவேண்டும். கடைக்குச் செலுத்திய பணம் என்றால் கெடு ஐந்து நாள். இழப்பீட்டைப் புகாருக்குக் காத்திருக்காமல் தானாகவே கொடுக்கவேண்டும். இதில் எங்கேயாவது உணர்ச்சி என்ற வார்த்தை இருக்கிறதா? வாடிக்கையாளரின் மனவேதனையை 0 முதல் 10 வரை அளந்து வா என்று யாரும் சொல்லவில்லை. பணம் எத்தனை நாள் மாட்டிக்கிடந்தது என்று எண்ணு, அதற்குக் காசு கொடு. முடிந்தது. எங்கள் பெரியப்பாவின் பயத்தைக் கேமராவும் வியர்வைக் கருவியும் இல்லாமல் ஒரு குமாஸ்தாவின் கணக்கு புரிந்துகொண்டிருக்கிறது.

"அப்படியென்றால் பயனரின் உணர்வைப் பற்றிக் கவலையே படவேண்டாமா?" என்று எங்கள் டிசைன் டீமில் இருக்கும் நண்பி சண்டைக்கு வந்தார். நியாயமான கேள்விதான். உணர்வைப் பற்றி டிசைன்காரர்களுக்குத் தெரியாது என்று நான் சொல்லவே இல்லை. அவர்களுக்கு மிக நன்றாகத் தெரியும். இன்சூரன்ஸ் வேண்டாம் என்று சொல்லும் பட்டனில் "வேண்டாம்" என்று மட்டும் எழுதாமல், "எனக்குப் பாதுகாப்பு தேவையில்லை, ரிஸ்க் எடுக்கிறேன்" என்கிற பாணியில் எழுதி வைக்கிறார்களே, மனுஷனுக்குக் குற்ற உணர்ச்சி எங்கே குத்தும் என்று தெரியாதவர்களா அதை எழுதுகிறார்கள்? 2023 நவம்பர் 30 அன்று மத்திய நுகர்வோர் பாதுகாப்பு ஆணையம் இந்த மாதிரி 13 தில்லுமுல்லுகளைப் பட்டியல் போட்டுத் தடை செய்தது. இப்படிக் கூச்சப்படவைத்துச் சம்மதம் வாங்குவது அதில் ஒன்று. கூச்சத்தை உண்டாக்கத் தெரிந்தவர்களின் டாஷ்போர்டில் கூச்சம் என்று ஒரு பத்தி ஏன் இல்லை? பயம் என்று ஒன்று? அங்கே இருப்பதெல்லாம் ஆனந்தம், பேரானந்தம், பரமானந்தம். மடத்து சாமியார் எழுதின மாதிரி இருக்கும்.

அளந்ததை வைத்து என்ன செய்கிறார்கள் என்பது இன்னொரு வயிற்றெரிச்சல். 2012 ஜனவரியில் ஒரு வாரம், ஃபேஸ்புக் 6,89,003 பேரிடம் சொல்லாமல் அவர்களுக்குத் தெரியும் பதிவுகளைக் கூட்டிக் குறைத்தது. சிலருக்கு மகிழ்ச்சியான வார்த்தைகள் உள்ள பதிவுகளைக் குறைத்தார்கள், சிலருக்குச் சோகமானவற்றை. பிறகு அவர்கள் எழுதியதில் நல்ல வார்த்தை எத்தனை, கெட்ட வார்த்தை எத்தனை என்று மென்பொருள் எண்ணியது. 2014-ல் ஆய்வுக் கட்டுரையாக வெளியானபோது ஊரே கொதித்தது. அந்த ஆய்விதழே ஒப்புதல் விஷயத்தில் தன் கவலையைத் தனியாக அச்சிட்டது. கிடைத்த வித்தியாசம் எவ்வளவு என்கிறீர்கள், ஆயிரம் வார்த்தைக்கு ஒரு வார்த்தை என்ற அளவில்! அதற்குத்தான் இத்தனை லட்சம் பேர்.

அப்புறம் 2016 பிப்ரவரியில் லைக் பட்டனோடு கோபம், சோகம், ஆச்சரியம் என்று மூஞ்சிகளைச் சேர்த்தார்கள். 2021-ல் வெளியான உள் ஆவணங்களின்படி, 2017-லிருந்து அந்த மூஞ்சிகள் ஒவ்வொன்றுக்கும் லைக்கைப்போல ஐந்து மடங்கு எடை. கோப மூஞ்சிக்கும்தான். நீங்கள் ஒரு பதிவைப் பார்த்துக் கொதித்துப்போய் சிவப்பு மூஞ்சியை அமுக்கினால், "இவருக்கு இது பிடிக்கவில்லை" என்று அது எடுத்துக்கொள்ளவில்லை. "ஆஹா, இவருக்கு இது வேலை செய்கிறது, மற்றவர்களுக்கும் காட்டு" என்றது. 2020-ல்தான் கோபத்தின் எடையைப் பூஜ்யமாக்கினார்கள். நம் வீட்டுக் குடும்ப குரூப்புகளில் சித்தப்பாவும் மாமாவும் பேச்சுவார்த்தை நிறுத்திக்கொண்டதற்கு எல்லாம் இதுதான் காரணம் என்று சொல்லவரவில்லை. கோபத்தை அளந்தவர்கள் அதைத் தணிப்பதற்காக அளக்கவில்லை என்று மட்டும் சொல்கிறேன்.

நண்பிக்கு நான் சொன்ன பதிலையும் எழுதிவிடுகிறேன். உணர்வு தெரியவேண்டும் என்றால் ஆள் பக்கத்தில் போய் உட்காருங்கள். ஐந்து பேரோடு உட்கார்ந்தாலே பெரும்பாலான கோளாறுகள் தெரிந்துவிடும் என்று ஜேக்கப் நீல்சன் 2000-லேயே எழுதிவிட்டார். கஸ்டமர் கேர் பெண்கள் பக்கத்தில் ஒரு நாள் ஹெட்போன் மாட்டிக்கொண்டு உட்காருங்கள். டாஷ்போர்டுக்கு எண் வேண்டுமென்றால், நாம் செய்ததை எண்ணுங்கள். ஒரு ஆளை ஒரே வேலைக்கு எத்தனை முறை ஓடிபி அடிக்கவைத்தோம், பணம் எத்தனை மணி நேரம் அந்தரத்தில் நின்றது, கணக்கை மூட எத்தனை திரை தாண்டவேண்டும், புகாருக்கு மனிதர் ஒருவர் பதில் சொல்ல எத்தனை நாள். இதெல்லாம் நம் சர்வர் லாகிலேயே கிடக்கிறது. யாரையும் தொந்தரவு செய்து கேட்கத் தேவையில்லை. வெறுத்துப்போய் செயலியைத் தூக்கி எறிந்தவரின் கணக்கும் அதில் இருக்கும், அவரிடம் பொம்மை காட்டிக் கேட்க இனி வழியே கிடையாது. அவர் பாதி யோசனையில் தலையாட்டினார். முழுசாக ஒப்புக்கொள்ளவில்லை. முதல் முறை பயன்படுத்துபவரின் தயக்கம் லாகில் தெரியாது என்றார். அதுவும் சரிதான், அதற்குத்தான் பக்கத்தில் போய் உட்காரச் சொல்கிறேன்.

போன வார மீட்டிங்குக்கு வருகிறேன். பவர்பாயிண்டில் பயனர் மகிழ்ச்சி 4.6 என்று கொட்டை எழுத்தில் இருந்தது. எல்லோரும் கை தட்டினார்கள். கேள்வி ஏதாவது உண்டா என்று கேட்டார். எழுந்து, "இதே ஐந்து பொம்மைகளைப் பணம் மாட்டிக்கொள்ளும் திரையிலும் காட்டிப் பார்க்கலாமே? ஒரு பட்டன் மாற்றம்தான், அரை நாள் வேலை" என்றேன்.

"வேண்டாம்ப்பா" என்றார். "ஸ்கோர் விழுந்துடும்."

பி.கு: பின்னூட்டத்தில் வெறும் ஸ்மைலி போட்டுவிட்டு ஓடுகிற புண்ணியவான்களே, அது சிரிப்பா நக்கலா என்று ஒரு வரி சேர்த்துவிட்டுப் போங்கள். என்னிடம் கேமரா கிடையாது.